கை ஒருவர், வாய் ஒருவர்

என் தங்கையின் முதல் குழந்தையைக் கல்லறைத் தோட்டத்து வேலிக்கு வெளியேதான் புதைத்தார்கள். பிறந்து கொஞ்ச நேரம் மூச்சு விட்ட குழந்தை. ஞானஸ்நானம் கொடுக்க ஆள் இல்லை. பங்குச்சாமியார் இருந்தது பாப்பிரெட்டிப்பட்டிக்கு அந்தப்பக்கம். எங்கள் ஊருக்கு மாதம் ஒரு தடவை பூசை வைக்க வருவார். ஊரோடு இருந்து செபம் சொல்லிக்கொண்டிருந்த உபதேசியாரும் அதற்கு முந்திய மழைக்காலத்தில் செத்துப்போயிருந்தார். தலையில் தண்ணீர் படாத குழந்தைக்கு மந்திரித்த மண்ணில் இடம் கிடையாது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். சிலுவை கிடையாது, பேர் கிடையாது. கள்ளிவேலிக்கு அந்தப்பக்கம், ஆடு மேய்கிற இடத்தில் ஒரு குழி. என் தங்கை அந்த வழியாகப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். வாய்விட்டு அழுதிருந்தாலாவது தேவலை. ஒரு வார்த்தை பேசமாட்டாள். எனக்குத்தான் வயிறு எரியும்.

ஆபத்து வேளையில் யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. பக்கத்து வீட்டுக்காரி கொடுக்கலாம், மருத்துவச்சி கொடுக்கலாம், நான்கூடக் கொடுத்திருக்கலாம். தெரிந்த அன்றைக்கு எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது என்று புரியாமல், தைத்துக்கொண்டிருந்த ஜாக்கெட்டைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

அது எழுபதுகளின் தொடக்கம். லத்தீன் பூசை போய்த் தமிழ்ப் பூசை வந்து, சாமியார் சுவரைப் பார்ப்பதை விட்டு எங்களைப் பார்த்துப் பூசை வைக்க ஆரம்பித்திருந்த காலம். புதிதாக வந்த பங்குச்சாமியார் இளைஞர். மோட்டார் சைக்கிளில் வருவார். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் யாரையும் போகவிடாமல் உட்காரவைத்தார். இனிமேல் தான் வராத ஞாயிறுகளில் கோயில் பூட்டிக் கிடக்கக்கூடாது, உங்களுக்குள்ளேயே ஒருவர் செபம் நடத்த வேண்டும், நோயாளியைப் பார்க்க வேண்டும், சாவுக்கு முன்னே நிற்க வேண்டும், அவருக்குச் சம்பளம் கிடையாது, ஆனால் பயிற்சி கொடுப்போம் என்றார்.

"யாரைப் போடலாம்? நீங்களே சொல்லுங்க" என்றார் சாமியார்.

பாவம், ஊருக்குப் புதுசு. எங்கள் ஊரில் அப்படிக் கேட்கக்கூடாது. மேலத்தெரு, கீழத்தெரு என்று இரண்டு தெரு. இரண்டிலும் வேதக்காரர்கள்தான், இரண்டிலும் விவசாயம்தான், பெண் கொடுத்துப் பெண் எடுத்தவர்கள்தான். ஆனாலும் திருவிழாச் சப்பரம் முதலில் எந்தத் தெருவுக்குள் போவது என்பதில் ஆரம்பித்த சண்டை மண்டை உடைந்து போலீஸ் வரைக்கும் போயிருந்தது. மேலத்தெரு ஆள் ஒருத்தர் செபம் நடத்தினால் கீழத்தெரு கோயிலுக்கு வராது. கீழத்தெரு ஆள் நடத்தினால் மேலத்தெரு வராது. அன்றைக்கும் அதுதான் நடந்தது. ஆம்பிளைகள் எழுந்து கத்தினார்கள். நற்கருணைப் பெட்டிக்கு முன்னால் நிற்கிறோம் என்கிற நினைப்பே இல்லை. சாமியார் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "உக்காருங்க, உக்காருங்க" என்று கெஞ்சினார்.

கடைசியில் தெருவுக்கு ஒருவர் என்று முடிவாயிற்று. மேலத்தெருவில் பேச்சே இல்லாமல் ஒரு மனிதரைக் காட்டினார்கள். நாற்பது நாற்பத்தைந்து வயது, கிணறும் கரும்பும் உள்ளவர், பொய் சொல்லாதவர், குடிக்காதவர். என் தங்கையை அந்தத் தெருவில்தான் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் புருஷனுக்கு இவர் பெரியப்பா மகன். எனக்கு மாமா முறை. ஒரே குறை, எழுத்துக் கூட்டித்தான் படிப்பார்.

கீழத்தெருவில் சாமியார் வேதப்புத்தகத்தை ஒவ்வொருவர் கையிலும் கொடுத்துப் படிக்கச் சொன்னார். ஒருவர் கண்ணாடி கொண்டுவரவில்லை என்றார். ஒருவருக்குத் தொண்டை கட்டியிருந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ கேலியாக, "தையக்கார அக்கா நல்லாப் படிப்பாங்க சாமி" என்று குரல் கொடுத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புத்தான் என்னை எழுப்பியது. நான் தாலி இழந்து பிறந்த வீட்டுக்கே திரும்பி வந்தவள். தையல் மிஷின் வைத்துப் பிழைத்துக்கொண்டிருந்தேன். எட்டாவது வரைக்கும் கன்னியர் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். விறுவிறுவென்று போய்ப் புத்தகத்தை வாங்கி, கடைசி வரிசையில் இருந்த கிழவிக்கும் கேட்கிற மாதிரி ஒரு பக்கத்தை நிறுத்தாமல் படித்துவிட்டு, புத்தகத்தை மூடிச் சாமியார் கையில் கொடுத்தேன். சிரித்தவர்களை ஒரு முறை முறைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.

"இவங்கதான்" என்றார் சாமியார்.

மேலத்தெருவில் முணுமுணுப்புக் கிளம்பியது. பொம்பளையா? அதுவும் முண்டச்சியா? என் தங்கையின் மாமியார் கேட்கிற மாதிரியே சொன்னாள், "பொட்டு இல்லாதவ பீடத்துக்கிட்ட போறதா? நல்லா இருக்குது ஞாயம்!" சாமியார் முகம் வாடிப்போயிற்று. ஊர் இரண்டாகப் போய்விடும் என்று அவருக்கு உள்ளூரப் பயம். யோசித்து ஒரு வழி சொன்னார். இரண்டு பேரும் சேர்ந்துதான் எதையும் செய்ய வேண்டும். யாரும் தனியாக எதையும் செய்யக்கூடாது.

இது எல்லோருக்கும் பிடித்துப்போயிற்று. உடனே பாகம் பிரித்தார்கள். மணி அடிப்பது, மெழுகுவர்த்தி ஏற்றுவது, பாடுபட்ட சுரூபம் உள்ள சிலுவையைத் தூக்கிப் பிடிப்பது, தீர்த்தம் தெளிப்பது எல்லாம் மேலத்தெரு மாமாவுக்கு. வாசகம் படிப்பது, செபம் சொல்லிக்கொடுப்பது எனக்கு. கௌரவமானதெல்லாம் தங்களுக்கு வந்துவிட்டது என்று மேலத்தெருவுக்குச் சந்தோஷம். சொல்லெல்லாம் நம்மிடம் இருக்கிறது என்று கீழத்தெருவுக்குச் சந்தோஷம். குழாயடியில் எங்களுக்குப் பேரும் வைத்துவிட்டார்கள். அவர் கைக்காரர், நான் வாய்க்காரி. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்பது ஊருக்கே தெரியும் என்பதால் அந்தப் பேர் நன்றாக ஒட்டிக்கொண்டது.

பயிற்சி தருமபுரிப் பக்கம் ஒரு கன்னியர் மடத்தில் நடந்தது. பல ஊர்களிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். மலையிலிருந்துகூட இரண்டு பேர். ஆஸ்பத்திரி வேலை பார்த்த ஒரு மலையாளத்து சிஸ்டர் எங்களுக்கு ஆபத்து ஞானஸ்நானம் கற்றுக்கொடுத்தார். குழந்தைக்குப் பதில் மட்டை உரித்த தேங்காய். ஒவ்வொருவராக வந்து, இடது கையில் தேங்காயை ஏந்தி, வலது கையால் அதன் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, "பிதா, சுதன், பரிசுத்த ஆவியின் பெயராலே நான் உனக்கு ஞானஸ்நானம் கொடுக்கிறேன்" என்று சொல்ல வேண்டும். எங்கள் முறை வந்தது. மாமா செம்பை எடுத்தார். நான் வாயைத் திறந்தேன். அவர் ஊற்றினார், நான் சொன்னேன். எங்களுக்கு அது தப்பாகவே தெரியவில்லை.

சிஸ்டர் மேஜையைத் தட்டினார். "யாரு கொடுத்தது ஞானஸ்நானம்? அவரா, நீங்களா? அவரு குளிப்பாட்டினாரு, நீங்க செபம் சொன்னீங்க. குழந்தைக்கு ஒண்ணும் கிட்டல்ல! ஊத்தற கையும் சொல்லற வாயும் ஒரே ஆளுடையது ஆகணும். அல்லெங்கில் செல்லாது."

கூடமே சிரித்தது. என்னைத் தனியாகச் செய்யச் சொன்னார், செய்தேன். மாமாவைச் செய்யச் சொன்னார். அவருக்குத் தண்ணீர் ஒழுங்காக விழுந்தது, சொல் விழவில்லை. "பிதா, சுதன்" வரைக்கும் வந்து நின்றுவிட்டார். வெட்கத்தில் காது சிவந்துவிட்டது. கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற மனிதரைத் தேங்காய்க்குத் தண்ணீர் ஊற்றவைத்தால் என்ன செய்வார்? சிஸ்டர் இரண்டு மூன்று தடவை முயன்று பார்த்துவிட்டு, ஊருக்குப் போய் மனப்பாடம் பண்ணுங்கள் என்று விட்டுவிட்டார்.

ஊருக்கு வந்தோம். ஞாயிறு தவறாமல் கோயில் திறந்தது. அவர் மணி அடித்தார், நான் செபம் சொன்னேன். நோயாளி வீட்டுக்குப் போனால் அவர் தீர்த்தம் தெளிப்பார், நான் மந்திரம் சொல்வேன். அவர் தெளிக்கிற கணக்குக்கு என் வாயும், என் மூச்சுக்கு அவர் கையும் பழகிப்போயின. மனப்பாடம் பண்ணினாரா என்று நான் கேட்கவில்லை. வாய் இருக்கிறதே என்று அவரும் இருந்துவிட்டார்.

என் தங்கை மறுபடியும் உண்டாகியிருந்தாள். மாதம் ஏற ஏற எனக்குள் பயமும் ஏறியது. அவள் ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினாள். ரவிக்கை அளவு கொடுக்க வந்தவள், "அக்கா, இந்தத் தடவை எது ஆனாலும் நீ வந்துருவ இல்ல?" என்றாள். "ச்சீ, வாயக் கழுவு" என்று அதட்டினேன். அதட்டிவிட்டு, "வந்துருவேன்" என்றேன்.

மாதம் நிறையவில்லை. பாப்பிரெட்டிப்பட்டிச் சந்தை நாள், வெயில் ஏறிக்கொண்டிருந்தது, மேலத்தெருப் பெண் ஒருத்தி தலைவிரிகோலமாக ஓடிவந்து, "அக்கா, பொறந்துடுச்சு, ஆனா அழுவல" என்றாள். மிஷினிலிருந்து எழுந்தவள் செருப்புக்கூடப் போடாமல் ஓடினேன். தங்கை புருஷன் டாக்சி கொண்டுவரப் பஸ் ஏறிப் போயிருந்தான். வீட்டுக்குள் மேலத்தெருப் பெண்கள் ஒரு பக்கம், என் பின்னாலேயே ஓடிவந்த கீழத்தெருப் பெண்கள் ஒரு பக்கம். மருத்துவச்சி மடியில் குழந்தை. ஆண் குழந்தை. ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற உடம்பு, நீலம் பாரித்த உதடு. மார்பு மட்டும் விட்டுவிட்டு ஏறி இறங்கியது. மருத்துவச்சி என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள்.

"தண்ணி கொண்டாங்க" என்றேன்.

"இரு, இரு" என்றாள் தங்கையின் மாமியார். "நீயா செஞ்சுருவியா? எங்க தெரு ஆளு வரட்டும். சாமி என்னா சொல்லிட்டுப் போனாரு?"

எனக்குக் கை துடித்தது. ஆனால் சண்டை போட்டால் அந்த நேரத்திலேயே குழந்தை போய்விடும். நல்லவேளை, மாமா வயலிலிருந்து சேறும் காலுமாக அதற்குள் வந்துவிட்டார். செம்பைக் கையில் கொடுத்தார்கள். நான் குழந்தையின் பக்கத்தில் மண்டியிட்டேன். அவர் ஊற்றினார். நான் சொன்னேன். தண்ணீர் அந்தச் சின்னத் தலையில் வழிந்து மருத்துவச்சியின் சேலையில் இறங்கியது. "ஆமென்" என்று இரண்டு தெருவும் சேர்ந்து சொன்னது. மாமியார்க்காரி சிலுவை போட்டுக்கொண்டு, "தேவதாயே, இது போதும்" என்றாள். என் தங்கை கட்டிலில் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படியொரு ஆறுதலை நான் வெகு நாளாகப் பார்த்ததில்லை.

நானும் மாமாவும் காற்றுக்காக வாசலுக்கு வந்தோம். அவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்தவர் நிறுத்தி, ஈரக் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏம்மா" என்றார் மெதுவாக. "அந்த சிஸ்டரு என்னா சொன்னாங்க?"

கடவுளே! ஊற்றியது ஒருவர், சொன்னது ஒருவர். தேங்காயில் செய்த அதே தப்பு. உள்ளே எல்லோரும் நிம்மதியாக இருக்கிறார்கள், குழந்தை இன்னும் வேலிக்கு வெளியேதான் இருக்கிறது.

"மறுபடியும் செய்யணும் மாமா" என்றேன்.

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். "இப்ப போயி தப்புப் பண்ணிட்டோம்னு சொன்னா நம்மள யாரு மதிப்பாங்க? இனிமே ஞாயித்துக்கெழமைக்கி யாரு வருவாங்க? ரெண்டு தெருவும் மறுபடியும் மோதிக்கும். கடவுளுக்குத் தெரியாதா நம்ம மனசு?"

"கடவுளுக்குத் தெரியும் மாமா. ஊருக்குத் தெரியுமா? மூத்ததை வெளிய போட்டப்ப கடவுளுக்குத் தெரிஞ்சது யாருக்கு ஒதவுச்சு?" என் குரல் உயர்ந்துவிட்டது. "அவ நம்பிக்கிட்டுக் கெடக்கறா. நான் எப்படி அவ மூஞ்சியப் பாக்கறது?"

அவர் தொண்டையைச் செருமினார். "சரி, நானே ஊத்தறேன், நானே சொல்றேன். நீ தனியா செஞ்சா வுடமாட்டாங்க." வாசல் சுவரைப் பார்த்துக்கொண்டு சொல்லிப் பார்த்தார். "பிதா, சுதன்…" நின்றுவிட்டார். மறுபடியும் ஆரம்பித்தார். மறுபடியும் அங்கேயே நின்றார். நெற்றியில் வேர்வை கொட்டியது. நான் எடுத்துக்கொடுத்தேன், சொல் மாறி விழுந்தது. உள்ளே மருத்துவச்சி, "தாயே, மூச்சு இளைக்குது" என்று சொல்வது கேட்டது.

"என்னால ஆவாதும்மா" என்றார் அவர். "நீ வா."

வாசற்படியில் மாமியார்க்காரி கையை விரித்து நின்றாள். "மறுபடியும் தண்ணியா? பச்ச ஒடம்பு, ஜன்னி கண்டு செத்துடும். ஒரு தடவ ஊத்துனது பத்தலியா?"

"சின்னம்மா, வழி வுடுங்க" என்றார் மாமா. அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை. "நாங்க செஞ்சது செல்லாது. ஊத்தறவங்களேதான் சொல்லணும். தப்பு எங்களுது."

ஒரே நேரத்தில் எல்லோரும் பேசினார்கள். செல்லாதா? அப்போ இத்தனை நாள் கோயிலில் செய்ததெல்லாம் என்ன? யார் யாரை ஏமாற்றுகிறார்கள்?

"அப்ப நீ செய்யி" என்றாள் மாமியார்க்காரி அவரிடம். "உன் கையால செஞ்சு உன் வாயால சொல்லு. தாலி அறுத்தவ கை எங்க வூட்டுக் கொழந்தை மேல தனியாப் படக்கூடாது."

என்னைச் செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. திருப்பிச் சொல்ல நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"எனக்கு வாயில வராது சின்னம்மா" என்றார் மாமா. அத்தனை பேர் முன்னால் சொன்னார். "மணியும் மெழுகுவத்தியும் நம்ம தெருவுக்கு வேணும்னு வாங்கிக்கிட்டோம். சொல்ல அவங்களுக்கு வுட்டுட்டோம். இன்னைக்கு எனக்குச் சொல்லு இல்ல. அவங்களுக்கு ரெண்டும் இருக்குது. கொழந்தைக்கு நேரம் இல்ல."

அவள் நகரவில்லை. அப்போது கட்டிலிலிருந்து என் தங்கை தலையைத் தூக்கினாள். பிரசவித்த உடம்பில் அவ்வளவு குரல் எங்கிருந்து வந்ததோ. "அக்கா, உள்ள வா! அத்தே, கையை எடுங்க. எம் புள்ள அது."

மாமியார்க்காரி கையை எடுத்தாள்.

மருத்துவச்சி குழந்தையை என்னிடம் நீட்டினாள். இடது கையில் ஏந்தினேன். அந்த எடை இன்னும் என் கையில் இருக்கிறது. "பேரு?" என்று தங்கையைக் கேட்டேன். அவள் ஒரு பேர் சொன்னாள். அது மேலத்தெருத் தாத்தா பேரும் இல்லை, கீழத்தெருத் தாத்தா பேரும் இல்லை. மாமா செம்பை என் வலது கையில் வைத்துவிட்டு ஓர் அடி பின்னால் போய் நின்றார். கை நடுங்கக்கூடாது, தண்ணீர் முடியில் தங்கிவிடாமல் தோலில் ஓட வேண்டும், ஒரு சொல்லும் மாறக்கூடாது. எனக்கு அது ஒன்றுதான் நினைப்பு. கண்ணை அந்தத் தண்ணீரிலிருந்து எடுக்காமல், ஊற்றிக்கொண்டே சொன்னேன். சொல்லி முடித்தபோது "ஆமென்" சொன்னது மாமா மட்டும்தான். கொஞ்சம் பொறுத்து என் தங்கை சொன்னாள். மற்றவர்கள் சொன்னார்களா என்று நான் கவனிக்கவில்லை.

டாக்சி வந்து சேர்வதற்குள் குழந்தை அடங்கிவிட்டது.

மறுநாள் காலையில் அடக்கம். சாமியாருக்கு ஆள் அனுப்பியிருந்தோம். மலைப்பக்கம் போயிருந்தவரைப் பிடிக்க முடியவில்லை. கல்லறைத் தோட்டத்துக் கதவருகே மேலத்தெருப் பெரியவர் ஒருவர் தடியை ஊன்றிக்கொண்டு நின்றார். "ஒரு தடவ ஊத்துனது செல்லாதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க. பொம்பள தனியா ஊத்துனது செல்லும்னு யாரு சொன்னா? சாமி வரட்டும். அதுவரைக்கும் உள்ள வுடமுடியாது" என்றார்.

துணி சுற்றிய அந்தச் சின்னப் பெட்டி என் தங்கை புருஷன் தோளில் இருந்தது. அவன் குனிந்த தலை நிமிரவில்லை. வெளியே ஆட்டுப் புழுக்கை கிடக்கிற இடத்தைப் பார்த்தேன். நான் கத்தத்தான் போனேன். அதற்குள் மாமா போய்ப் பெரியவரின் முன்னால் நின்றார்.

"செல்லும். நான் கண்ணால பாத்தேன், காதால கேட்டேன். செல்லலேன்னா அந்தப் பாவம் என் தலைமேல. வேணும்னா நாளையிலருந்து மணி அடிக்க வேற ஆளப் பாத்துக்குங்க. இப்ப நவுருங்க" என்றார். பெரியவர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். மாமாவை அன்றைக்குத் தெருவோடு சேர்ந்து நிறுத்தியவர்தானே அவரும்? தடியை எடுத்துக்கொண்டு விலகினார்.

உள்ளே போனோம். வேலியிலிருந்து தள்ளி, நல்ல நடுவில் குழி. நான் செபம் சொன்னேன், மாமா மண் போட்டார். பிற்பாடு சாமியார் வந்து எல்லாவற்றையும் விசாரித்து, இரண்டாவது தடவை செய்தது சரி என்று கோயிலில் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். அன்றைக்கு அது எங்களுக்குத் தெரியாதே. செபம் சொல்லும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டுதான் இருந்தது.

திரும்பினால், கதவருகே என் தங்கை. பிள்ளை பெற்ற பச்சை உடம்போடு, தலையில் துணி கட்டிக்கொண்டு, ஒரு கையால் கதவைப் பிடித்தபடி நின்றாள். பெற்றவள் அடக்கத்துக்கு வரக்கூடாது என்பது எங்கள் ஊர் வழக்கம். பெண்கள் பதறிப்போய், "ஐயோ, நீ எதுக்குடி வந்த, வூட்டுக்குப் போ" என்று இழுத்தார்கள். அவள் அசையவில்லை. குழி எந்தப்பக்கம் இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்துக்கொண்டாள். எல்லோரும் போனபிறகு நான் போய் அவள் தோளைப் பிடித்தேன். உடம்பு கொதித்தது.

"அக்கா" என்றாள். "ரெண்டாந்தடவ நீ ஊத்தறப்ப கண்ணத் தொறந்தான். உன்னத்தான் பாத்தான். நீ பாத்தியா?"

நான் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தேன்" என்றேன்.